விலங்குகளின் குரல்: சாசரும் முகுந்தராமரும்

முன்னுரை

இடைக்கால ஆங்கில இலக்கியக் கல்வி வங்க ஆராய்ச்சியில் ஆழப் பதிந்த ஒன்றாகும். கொல்கத்தா பாலிகஞ்சின் இந்துஸ்தான் பார்க்கில் வாழ்ந்த மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி, 1913இல் ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுப் பின்னர் வங்கமொழி வரலாற்றாய்வுக்கு வந்தவர். அவ்வாய்வு 1926இல் நூலாயிற்று. இலக்கிய ஒப்பீட்டிலும் ஆங்கிலமே அளவுகோலாயிற்று. 'சண்டிமங்கலம்' பாடிய முகுந்தராம சக்கரவர்த்தியைச் சாசரோடு ஒப்பிடுவோர், பாத்திரப் படைப்பையும் நடப்பியலையும் சான்று காட்டுவர். இருவரும் விலங்குகளைக் கையாண்ட முறையை நோக்கின் வேற்றுமையே மேலோங்குகிறது.

சாசரின் உவமை

சாசர் 1374 முதல் இலண்டன் துறைமுகச் சுங்க அலுவலர்; ஆல்ட்கேட் நகர்வாயிலின் மேல்தளம் அவர்தம் குடியிருப்பு. 1377இல் தலைக்கு 4 பென்சாக இருந்த வரி 1380இல் 12 பென்சாயிற்று. 1381இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். எசெக்ஸ் மக்கள் அவ்வாயில் வழியே நகருட் புகுந்தனர். எனினும் 'காண்டர்பரிக் கதைகளில்' அந்நிகழ்ச்சி, சேவலைக் கவ்விய நரியைத் துரத்துவோர் கூச்சலுக்கு உவமையாகவே வருகிறது. அங்கு உழவரின் ஆரவாரம் கேட்கிறது. அவர்தம் துயரம் கேட்கவில்லை.

முகுந்தராமரின் முறையீடு

16ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த முகுந்தராமர் தாமே ஊரிழந்தவர். கரம்பை விளைநிலமென எழுதியதும், 15 கட்டா நிலத்தை முழு அளவாகக் கணக்கிட்டதும், நாணயமாற்றில் ரூபாய்க்கு இரண்டரை அணா பிடித்ததும் அவர்தம் தற்கூற்றில் இடம்பெறுகின்றன. அவ்வனுபவமே காவியத்துள் விலங்குகளின் வாய்மொழியாகிறது. வேடன் காலகேதுவுக்கு அஞ்சிச் சண்டியிடம் முறையிடும் கரடி, தான் கறையான் தின்னும் எளிய உயிர் என்றும், நியோகியோ சௌதுரியோ அன்று என்றும், தனக்குத் தாலுகா ஏதுமில்லை என்றும் கூறுகிறது. வருவாய்த்துறைப் பட்டங்கள் கரடியின் வாயில் வருதல் நகைப்பை விளைவிக்கிறது. ஆயின் அந்நகைப்பின் அடியில் குடிமகனின் அச்சம் உள்ளது.

முடிவுரை

சாசரிடம் மக்கள் கிளர்ச்சி விலங்குக் கதைக்கு உவமையாகிறது. முகுந்தராமரிடம் விலங்குக் கதை மக்கள் துயருக்கு உருவகமாகிறது. ஆயினும் முகுந்தராமர் கிளர்ச்சியை வேண்டினார் அல்லர். காலகேது அமைக்கும் புதுநகரில் குடியேறுவோர்க்குத் தொடக்க ஆண்டுகளில் வரியில்லை. நல்லரசே அவர் கண்ட தீர்வு. தமிழகத்தில் இத்தகைய குரலைக் கல்வெட்டுகளில் கேட்கலாம். வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி முறையற்ற வரிகளை மறுத்தமையை 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உரைக்கின்றன. இடைக்கால இலக்கியத்தை ஒப்பிடுவோர் காவியத்தோடு கல்வெட்டையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும். இன்றேல் குடிகளின் குரல் ஒப்பாய்வுக்கு வெளியே நின்றுவிடும்.