நீலிக் கண்ணீரும் சாபமேற்ற வீரனும்: பழையனூர் நீலி கதையில் முற்கதையின் உரிமை

ஆய்வுச்சுருக்கம்: இறந்தும் இறவாத உருவொன்றுக்கு அதன் துயர்மிகு முற்கதையே பொருள் தருகிறது. அம்முற்கதை கொன்றவனுக்கு உரியதா, கொல்லப்பட்டவளுக்கு உரியதா என்னும் வினாவை முன்வைத்து, மேலை மிகுபுனைவு விளையாட்டுகளில் வரும் சாபமேற்ற வீரனின் கதையோடு பழையனூர் நீலி கதையின் வழக்குகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பழையனூர் நீலி, திருவாலங்காடு, நீலகேசி, இசக்கி, லார்ட் சோத், முற்கதை

1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் வழிவந்த கற்பனை உலகங்களில் 'மரண வீரன்' என்றொரு பாத்திரவகை உண்டு. அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவன், மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் ஆகியோர் 1980களில் வளர்த்தெடுத்த டிராகன்லான்ஸ் உலகின் லார்ட் சோத். ரோசாச் சின்னம் தாங்கிய உயர்குல வீரனான இவன், முதல் மனைவியின் சாவுக்குக் காரணமாகி, எல்ஃப் இனப் பெண்ணொருத்தியை மணக்கிறான். உலகப் பேரழிவைத் தடுக்கும் பணி அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. மனைவியின் கற்பைப் பற்றிய பொய்க்கூற்றை நம்பிப் பாதிவழியில் திரும்புகிறான். கோட்டை தீப்பற்றுகிறது. குழந்தையையாவது காப்பாற்றுமாறு வேண்டும் மனைவிக்கு அவன் கை நீட்டவில்லை. எரிந்து மடியும் அவள் இட்ட சாபத்தால் சாகாப் பிணமாகிறான். பொய் சொன்ன எல்ஃப் பெண்களும் பேயுருக் கொண்டு, அவன் குற்றத்தை இரவுதோறும் அவனுக்கே பாடிக் காட்டுகின்றனர்.

இக்கதையில் இரு மனைவியர் இறக்கின்றனர். நிலைபெறுவது கணவனின் துயரம். சாபமிட்டவள் சாபத்தோடு கதையை விட்டு நீங்குகிறாள். எஞ்சிய பெண்களுக்கு உள்ள பணி அவன் கதையைப் பாடுவது ஒன்றே. 2002இல் வெளிவந்த வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்தின் இளவரசன் ஆர்தஸ் முதலானோரிடமும் இவ்வமைப்பே தொடர்கிறது: கொலை புரிந்தவன் நினைவைச் சுமக்கிறான், நினைவைச் சுமப்பதாலேயே இரக்கத்துக்கு உரியவனாகிறான்.

தமிழில் இதற்கு இணை தேடுவோர் காத்தவராயனையோ மதுரை வீரனையோ நினைவுகூர்வது இயல்பு. இருவரும் வீரர்கள், இருவரும் கொடிய தண்டனைக்கு உள்ளாகி இறந்து தெய்வமானவர்கள். எனினும் அவர்களைக் கொன்றது அதிகாரம். மனைவியைக் கொன்ற கணவன், இறந்தும் இறவா உரு, காப்பு வாள், சொன்ன சொல், தீ ஆகிய கூறுகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த கதை சென்னைக்கு மேற்கே உள்ளது. அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் திருவாலங்காடு நிலையம் வருகிறது. அதனை அடுத்த ஊர் பழையனூர். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கோயிலுக்கு உரிமையாக்கிய ஊர் இதுவே.

தொண்டை நாட்டு வழக்கில் கதை இவ்வாறு அமைகிறது. காஞ்சிபுரத்துப் பார்ப்பனன் ஒருவன், ஊரில் மனைவி இருக்கக் காசியில் நவக்கியானி என்பவளை மணக்கிறான். ஊர் திரும்பும் வழியில், மறைத்த செய்தி வெளிப்படும் என்று அஞ்சித் திருவாலங்காட்டுப் பகுதியில் அவளையும் உடன்வந்த அவள் தமையனையும் கொல்கிறான். அவள் நீலியாகிறாள். அவனோ மறுபிறவியில் தரிசனன் என்னும் வணிகனாகப் பிறக்கிறான். உயிருக்கு ஊறு நேராதபடி காக்கும் வாளொன்றைக் கையில் கொண்டு பழையனூர் வருகிறான். மனைவி வடிவில், கைக்குழந்தையோடு நீலி பின்தொடர்ந்து, வேளாளர் எழுபதின்மர் கூடிய மன்றத்தில் அழுது முறையிடுகிறாள். குழந்தை வணிகனைத் தந்தையென அழைக்கிறது. மன்றம் அவள் பக்கம் தீர்ப்புரைக்கிறது. வணிகனுக்கு ஊறு நேர்ந்தால் தாங்களும் உயிர் விடுவதாக வாக்களித்து, அவன் வாளை வாங்கி வைத்து, இருவரையும் ஓர் இல்லத்தில் தங்கவைக்கிறது. விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

சோத்தின் கதையோடு வைத்து நோக்குகையில் முதலில் புலப்படுவது நினைவின் இடமாற்றம். அங்கே கொன்றவனுக்கு நினைவே தண்டனை. இங்கே கொன்றவனுக்குப் புதிய பிறவியும் அதனோடு மறதியும் கிடைக்கின்றன. கொல்லப்பட்டவள் மட்டுமே நினைவோடு அலைகிறாள். வினைக்கொள்கை கணக்கைத் தீர்க்கும் என்று நம்பும் சமூகத்தில், அக்கணக்கை மறவாதிருக்கும் சுமை அவள்மேல் விழுகிறது. தரிசனனின் நோக்கில் பார்த்தால் அவன் குற்றமறியாதவன் என்பதையும் மறுத்தல் இயலாது. கதை தன் கனத்தைப் பெறுவது இச்சிக்கலில்தான்.

மன்றக் காட்சி மேலும் நுணுகி நோக்கத்தக்கது. நீலியின் உண்மையான வழக்கு 'இவன் என்னைக் கொன்றான்' என்பது. சென்ற பிறவியில் நிகழ்ந்த கொலையை எந்த மன்றமும் விசாரிக்காது. இறந்தவள் வழக்காட வரவும் முடியாது. ஆகவே மன்றம் கேட்கக்கூடிய வழக்கொன்றை, 'கணவன் என்னைக் கைவிட்டான்' என்பதை, அவள் கொண்டுவருகிறாள். அவள் உருவும் குழந்தையும் பொய். கணவன் என்ற உறவும் அவன் இழைத்த கேடும் மெய். கண்ணகியிடம் சிலம்பு என்னும் மெய்ச்சான்று இருந்தது. அரசன் முன் உடைத்துக் காட்ட முடிந்தது. நீலியிடம் காட்டுவதற்கு எதுவுமில்லை. மெய்ச்சான்று உடையவள் பத்தினித் தெய்வமானாள். சான்றில்லாதவளின் பெயர் 'நீலிக் கண்ணீர்' என்னும் வசைத்தொடராக மொழியில் தங்கிற்று. இன்றும் மேடையிலும் நாளிதழிலும் அத்தொடரைக் கையாள்வோர், அக்கண்ணீருக்குப் பின்னே ஒரு கொலை உண்டு என்பதை எண்ணுவதில்லை.

இம்முற்கதை தேய்ந்த வரலாற்றை நூல்களிலேயே காணலாம். ஏழாம் நூற்றாண்டுத் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாடலிலேயே, வஞ்சத்தால் உயிர்கொண்ட ஒருத்தியையும் அதைக் கேட்டு அஞ்சும் பழையனூராரையும் குறிக்கிறார். வஞ்சம் இடம்பெறுகிறது, அதன் காரணம் இடம்பெறவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சேக்கிழார் புராணத்தில், சேக்கிழார் பிறந்த வேளாளர் குலத்தின் பெருமைக்குச் சான்றாக எழுபதின்மரின் தீப்பாய்தலைப் போற்றுகிறார். அங்கே கதையின் துயரம் முழுவதும் தீர்ப்பளித்தோர்க்கு உரியதாகிவிடுகிறது. அவர்கள் துயரம் பொய்யன்று. சான்றில் பிழைத்தும் நீதியில் பிழையாத தீர்ப்பொன்றுக்காக அவர்கள் இறந்தனர். ஆனால் அத்தீர்ப்பின் பின்பாதியைக் குலப்பெருமை பேசும் மரபு கண்டுகொள்ளவில்லை.

சேக்கிழாரின் ஊர் பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூர். திருவாலங்காட்டில் பேயுருவோடு நின்ற வேறொரு பெண்ணை, காரைக்கால் அம்மையாரை, அவர் தனிப்புராணத்தில் பாடியுள்ளார். கணவன் வேறொருத்தியை மணந்தமையால் தனித்து நின்றவர் அம்மையார். நவக்கியானியும் முன்னரே மனைவியுடைய ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரே காட்டின் இரு பேய்களுக்கும் வாழ்வின் முறிவு இவ்வளவில் ஒத்திருக்கிறது. கணவனுக்கென்று தாங்கிய உடலைத் தானே உதறியவர் பேயுருவை வரமாகப் பெற்றார்; உடலைப் பறிகொடுத்தவள் அதைப் பழியாகப் பெற்றாள்.

நீலகேசி ஆசிரியர் செய்த மாற்றம் துணிவுமிக்கது. முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி, அவர் அறவுரையால் மனம் மாறிப் பௌத்தர், ஆசீவகர், வேதவாதியர் முதலிய பிற சமயத்தாரை வாதில் வெல்லும் தருக்கவாணியாகிறாள். மன்றத்தில் அழுதவளுக்கு அவைதோறும் வாதிடும் சொல்வன்மை கிடைக்கிறது. ஆனால் அவள் தன் வழக்கை எங்கும் தொடுப்பதில்லை. ஆன்மாவைப் பற்றியும் அழிவைப் பற்றியும் இத்தனை வினாக்கள் எழுப்புபவள், தன்னைப் பேயாக்கியது எது என்று ஓரிடத்தும் வினவாதது காப்பியத்தின் பெருங்குறை. சமயம் பெற்ற வெற்றிக்கு அவள் கொடுத்த விலை அவளுடைய கதை.

அக்கதை உயிரோடிருப்பது தெற்கே. குமரி, நெல்லைப் பகுதி வில்லுப்பாட்டில் நீலியே இசக்கி. அங்கே கொல்லப்படுபவள் இலட்சுமி என்னும் தேவதாசி. கொல்பவன் நகைக்கு ஆசைப்பட்ட கோயிற் பூசாரி. சாகும் வேளையில் அருகே நின்ற கள்ளிச்செடியை அவள் சாட்சியாக்குகிறாள். மறுபிறவியில் செட்டியாகப் பிறந்தவனைத் தொடர்கையில் அவள் குழந்தையாக்கி ஏந்துவது கள்ளிக் கொம்பையே. இவ்வழக்கை ஏற்றால் மன்றக் காட்சியின் பொருளே மாறிவிடுகிறது: மாயம் என்று இகழப்பட்ட குழந்தை, கொலையை நேரிற் கண்ட ஒரே சாட்சி. பழையனூரில் எழுபதின்மரின் நினைவைப் போற்றும் மண்டபம் உள்ளது. முப்பந்தல் உள்ளிட்ட தென்கோடி ஊர்களில் இசக்கிக்குக் கோயில்கள் உள்ளன; பல கோயில்களில் அவள் சிலை இடுப்பில் குழந்தையோடு நிற்கிறது.