கமிட் குறிப்பு

மென்பொருள் நிறுவனத்தில் வேலை என்றால் நாள் முழுக்க நிரல் எழுதுவது என்று வெளியே நினைப்பார்கள். பிறர் எழுதியதைப் படிப்பதிலேயே நேரம் நிறையப் போகும். அப்போது கைகொடுப்பது கமிட் குறிப்பு: ஒவ்வொரு மாற்றத்தோடும் சேர்த்து எழுதிவைக்கும் நாலு வரி.

லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவிதான் இன்று பெரும்பாலான மென்பொருள் அலுவலகங்களில் புழங்குகிறது. அதில் குறிப்பு எழுத ஒரு மரபு உண்டு. தலைப்பு வரி சுமார் 50 எழுத்துக்குள் இருக்கும், பிறகு ஒரு வெற்று வரி, அதன்கீழ் விளக்கம். என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் என்பதைத்தான் எழுத வேண்டும். 'பிழை திருத்தம்' என்று மட்டும் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை, போகட்டும்.

நல்ல குறிப்பு வேறு ரகம். "இங்கே 30 விநாடி காத்திருப்பது வேண்டுமென்றே. வங்கி சர்வர் சில நேரம் அவ்வளவு தாமதிக்கும். குறைத்தால் பணம் இரண்டு முறை பிடித்தமாகலாம்." எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். நடுராத்திரி சர்வர் படுத்துவிட, நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' கட்டளை போட்டு அந்தக் குறிப்பைத் தேடிப் பிடிக்கிறவருக்கு, முகம் தெரியாத அந்த ஆள்மேல் பிரியமே வந்துவிடும். நான் பார்த்த அப்ரைசல் படிவம் எதிலும் இதற்கொரு கட்டம் கிடையாது.