காலாப்பட்டில் சேரலாமா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். பொம்மையார்பாளையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி மண்: காலாப்பட்டு. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த மத்தியப் பல்கலைக்கழகமான புதுவைப் பல்கலைக்கழகம் இங்கே ஏறத்தாழ 800 ஏக்கரில் கடலோரமாக இருக்கிறது. பி.ஏ. தமிழ் முடிக்கப்போகும் என் அக்கா மகள், "மாமா, அங்க சேரலாமா?" என்று கேட்டாள்.

அவளிடம் நான் திருப்பிக் கேட்டது: எந்தத் துறையில்? அதற்கு முன் ஒன்று: புதுவைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு கல்விகள் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், அந்தமான் எங்கும் இணைப்புக் கல்லூரிகள் உண்டு. அங்கே படித்தவர்களுக்கும் பட்டம் தருவது இதே பல்கலைக்கழகம்தான். ஆனால் காலாப்பட்டு வளாகத்தின் வகுப்பும் நூலகமும் ஆய்வுக்கூடமும் அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பு தரும் தரமும் நிறுவனம் முழுமைக்குமான மதிப்பீடு. நீங்கள் உட்காரப்போகும் வகுப்பறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

துறைகளைப் பார்த்தால் நாடகத்துறையை முதலில் சொல்வேன். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி தொடங்கிவைத்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கியது. 1922-ல் மறைந்த சுவாமிகளின் சமாதி நகரின் வட எல்லையில், கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகத்தை முதுகலைப் பட்டமாகப் படிக்கத் தென்னாட்டில் இடங்கள் மிகக் குறைவு என்பதால், இந்தத் துறைக்காகவே ஊர் மாறி வரலாம். சூழலியல் படிப்பவருக்குக் கடலும் உப்பங்கழியும் பக்கத்திலேயே ஆய்வுக்களம். ஊடகம் படிப்பவருக்கு 107.8-ல் 'புதுவை வாணி' சமுதாய வானொலி உண்டு.

தமிழும் வரலாறும் படிப்பவர்களுக்குப் பெரிய பலம் வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் நகருக்குள்ளேயே உள்ளன. அங்குள்ள சைவ ஓலைச்சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் இருக்கிறது. அவர் 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதியது இந்த ஊரில்தான். இந்த வாய்ப்பு எத்தனை பெரியது என்பதைப் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும்.

குறைகளும் சின்னவை அல்ல. 2022 முதல் சேர்க்கை க்யூட் என்ற நாடு தழுவிய நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. முதுகலைத் தேர்வில் மொழிப்பாடங்களைத் தவிர மற்றவற்றுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைக்கு, இந்தி வட்டாரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் தாய்மொழி வசதி இல்லை, இது அநீதி. புதுச்சேரி மாணவர்களுக்கான 25 விழுக்காடு இடஒதுக்கீடும் சில படிப்புகளோடு நின்றுவிடுகிறது. எல்லாப் படிப்புகளுக்கும் கேட்கும் குரல் நியாயமானது, ஏனென்றால் பல்கலைக்கழகம் நிற்பது இந்த ஊர் நிலத்தில். கட்டண உயர்வை எதிர்த்து 2020 பிப்ரவரியில் மாணவர்கள் போராடினார்கள். மத்தியப் பல்கலைக்கழகம் என்றாலே செலவில்லை என்று நம்பிப் போகாமல், கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பிளஸ் டூ முடித்த உள்ளூர்ப் பிள்ளை பி.காம்., பி.ஏ. படிக்க, வீட்டிலிருந்து போய்வரும் அரசுக் கல்லூரியே போதும். முதுகலைக்கும் ஆய்வுக்கும் காலாப்பட்டு. அதிலும் நாடகம், சூழலியல், தமிழ் என்றால் தயங்கவே வேண்டாம். வளாக நேர்காணலில் வேலை வாங்குவது மட்டுமே நோக்கம் என்றால், அந்தத் துறையில் போன வருஷம் எத்தனை பேருக்கு, எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று கேட்டு வாங்குங்கள். தெளிவான பதில் வராவிட்டால் சேராதீர்கள்.

இருந்தாலும் அக்கா மகளிடம், விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலைநாளில் தமிழ்த்துறைக்குப் போய், அங்கே எம்.ஏ. படிப்பவர்களோடு ஒரு மணி நேரம் பேசச் சொன்னேன். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எந்தப் பாடத்துக்கு ஆளில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.