சம்பளத்தில் வளர்ந்த எழுத்து

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சர்க்கரை ஆலையைத் தாண்டி, வெள்ளாற்றின் வடகரையில் திட்டக்குடியையும் கடந்தால் விருத்தாசலம் வட்டாரம். அங்கே மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’, ‘கோரை’ நாவல்களை எழுதினார். மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவும் டயர் கம்பெனிக்கு விற்பனையாளராக ஊர் ஊராக அலைந்தவர்தான்.

எழுத்தாளனுக்கு வேறொரு வேலை இருப்பதை நாம் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகிறோம். ‘அனுபவம் கிடைக்கும்’ என்பது வாடிக்கையான சமாதானம். அதில் பாதி உண்மை. குணசேகரனின் ‘நெடுஞ்சாலை’ போக்குவரத்துக் கழகத்தின் தற்காலிகத் தொழிலாளர்களைப் பற்றியது. நிரந்தரம் ஆவோமா என்ற ஏக்கத்தோடு டிப்போவில் டியூட்டிக்குக் காத்திருப்பவர்களை வெளியிலிருந்து வந்து குறிப்பெடுத்துப்போகிறவர் அப்படி எழுதிவிட முடியாது. 2007இல் அவர் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யும் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் ஒன்று ஆள்பலத்தோடு செய்யவேண்டிய வேலை அது.

அசோகமித்திரனுக்கு ஜெமினி ஸ்டூடியோ தந்தது ‘கரைந்த நிழல்கள்’ நாவல். ஆனால் 1966இல் ஜெமினியை விட்டு வந்த பிறகுதான் அவர் முழுநேர எழுத்தாளரானார். அந்த வாழ்க்கை சிக்கனத்திலேயே கழிந்தது. வேலை விஷயத்தைத் தருகிறது, நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பவர் குறைவு.

எல்லா வேலையும் கதையாகிவிடுவதுமில்லை. கவிஞர் பாப்லோ நெரூதா 1929இல் கொழும்புக்குத் தூதரக அதிகாரியாக வந்தார். வருமானம் சொற்பம், பேச்சுத்துணையும் இல்லை. கவிதைக்குள் வந்து சேர்ந்தது அந்தத் தனிமைதான். ருல்ஃபோவின் கதை இன்னும் சிக்கலானது. 1955இல் ‘பெத்ரோ பாராமோ’ நாவல் வந்தது. பிறகு பூர்வகுடிகளுக்கான அரசு நிறுவனத்தில் பிறருடைய மானுடவியல் நூல்களைப் பதிப்பிப்பதிலேயே நெடுங்காலம் போனது. அதற்கு இணையான இன்னொரு நாவல் வரவில்லை. குற்றத்தை வேலையின் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. ஆனாலும் சந்தேகம் விடுவதில்லை.

ஓவியர்களின் பாடு வேறு. எழுத்தாளர் பணிமனையில் கை கழுவிவிட்டு வந்து பேனாவை எடுக்கலாம். ஓவியருக்குச் சம்பளம் தருவதும் அதே கை, அதே தூரிகை. கோபுலு ‘ஆனந்த விகட’னில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு வாராவாரம் வரைந்தார். நாதஸ்வரக் கலைஞர் உட்காரும் தோரணைகூட வாசகர் மனதில் அவர் கோட்டின்படியே பதிந்தது. 1960களில் அவர் விளம்பரத் துறைக்குப் போனார். பத்திரிகைக்கு இது இழப்பு என்று புலம்புபவர்கள், பத்திரிகை அவருக்கு என்ன கொடுத்தது என்றும் கேட்கவேண்டும். விளம்பரம் எப்போதும் கலையைத் தின்றுவிடும் என்பதும் இல்லை. அர்ஜென்டினாவின் கேலிச்சித்திரக்காரர் கினோ, வீட்டு உபயோகப் பொருள் விளம்பரத்துக்காக 1963இல் வரைந்த சிறுமிதான் மஃபால்டா. விளம்பரம் நின்றுபோனது, சிறுமி உலகம் சுற்றினாள்.

ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக மாதச் சம்பளம் வாங்கியவர். அதனால் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ‘ஜூனியர் விகட’னில் தன் விருப்பப்படி கரடுமுரடான கோடுகளைப் போட முடிந்தது என்று ஊகிக்கலாம். வாரப் படத்தையே நம்பியிருந்தவர்களுக்கு அந்தத் துணிச்சல் எளிதல்ல. ஆசிரியருக்குப் பிடித்த முகத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தாகவேண்டும். தொடர் புத்தகமாகும்போது அந்தப் படங்கள் பல நேரம் உடன் வருவதுமில்லை.