காளான் தட்டில் முட்டைக்கோஸ்

'உங்கள் குழந்தை காய்கறி சாப்பிட அடம்பிடிக்கிறதா? கவலை வேண்டாம்!' என்று ஆரம்பிக்கும் குறிப்புகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பெண்கள் பத்திரிகையின் இணைப்புப் புத்தகமாக வந்த காலம் போய், இப்போது அரை நிமிட வீடியோவாக செல்போனில் வருகிறது. சரக்கு மட்டும் மாறவில்லை. கேரட்டைத் துருவி தோசை மாவில் கலக்கவும். பீட்ரூட்டை அரைத்து பூரிக்குப் பிசையவும். பாலக்கை விழுதாக்கி சப்பாத்தியில் சேர்க்கவும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'காய் இருப்பதே குழந்தைக்குத் தெரியாது!'

அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குத் தகராறு.

இந்த ஒளித்து வைக்கும் வித்தை அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. 2007-ல் மிஸ்ஸி சேஸ் லபைன் என்ற பெண்மணி 'தி ஸ்னீக்கி ஷெஃப்' என்று ஒரு புத்தகம் எழுதினார். காயை அரைத்து, குழந்தைகள் ஆசைப்படும் பலகாரத்தில் கலந்துவிடும் சமையல். அதே ஆண்டு, டி.வி. நகைச்சுவை நட்சத்திரம் ஜெரி சைன்ஃபெல்டின் மனைவி ஜெசிகா, 'டிசெப்டிவ்லி டெலிஷியஸ்' என்று கிட்டத்தட்ட அதே விஷயத்தை எழுதினார். பிரவுனி கேக்கில் கேரட்டும் பசலைக் கீரையும் போட்டுவிடுவார். இந்தப் புத்தகம் சக்கைப்போடு போட, 'என் ஐடியாவைத் திருடிட்டாங்க' என்று லபைன் 2008-ல் கேஸ் போட்டார். 'காயை அரைத்து சாப்பாட்டில் ஒளிப்பது வெறும் யோசனை. யோசனைக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது' என்று தள்ளுபடி ஆனது. 2010-ல் மேல்முறையீட்டிலும் அதே கதிதான்.

நியாயமாகப் பேசவேண்டும். ஒளித்துக் கொடுப்பதால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. 2011-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சின்னக் குழந்தைகளுக்கு அரைத்த காய் கலந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். காய் உள்ளே போகும் அளவு நன்றாகவே கூடியது. ஆக, வயிற்றுக்குக் காய் போகும். நாக்குக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. கேரட் தோசை சாப்பிடுகிற பையன் தோசையைத்தான் சாப்பிடப் பழகுகிறான். நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போய், தட்டில் கேரட் பொரியல் விழுந்தால், அது யாரோ தெரியாத ஆள்.

இன்னொன்று, நம்பிக்கை. பிள்ளைகள் போலீஸ்காரர்கள் மாதிரி. தோசைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நூல் தெரிந்தால் போதும், சோதனை ஆரம்பம். 'இதுல என்னம்மா போட்ட?' என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அப்புறம் வெறும் தோசையையும் பிரித்துப் பார்த்துத்தான் வாயில் வைக்கும். காயும் போச்சு, தோசையும் போச்சு.

ஒளித்து வைப்பதில் உலகத்துக்கே பாடம் எடுக்கக்கூடிய ஊர் எது தெரியுமா? நம்ம கோயமுத்தூர்தான். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஏதாவது ஒரு தள்ளுவண்டி காளான் கடைக்குப் போய் நில்லுங்கள். கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கம் 'காளான்' என்றால் அது தனி ஐட்டம். பெயர் காளான். ஆனால் பல கடைகளில் தட்டில் இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோஸ்! பொடியாக நறுக்கிய கோஸை மைதாவும் சோள மாவும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெயில் பொரித்து, பெரிய இரும்புக் கல்லில் மசாலாவில் போட்டு டொக்கு டொக்கென்று கொத்தி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி ஆவி பறக்கக் கொடுப்பார்கள். காளான் எங்கேயாவது எட்டிப்பார்த்தால் நம்ம அதிர்ஷ்டம்.

வீட்டில் கோஸ் பொரியல் என்றால் 'உவ்வே' என்கிற அதே பையன், இங்கே 'அண்ணா, இன்னொரு காளான்' என்கிறான். எண்ணெயும் மைதாவும் கலரும் நல்லதல்ல என்பது வேறு விஷயம். தினமும் காளான் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், அந்த வண்டிக்காரர் ஜெயித்து அம்மா தோற்பது ஏன் என்று யாராவது யோசித்தோமா?

முதல் காரணம், சமையல். கோஸை வேகவைக்க வேகவைக்க அதிலிருந்து கந்தக வாசனை கிளம்பும். நேரம் கூடக்கூட நாற்றமும் கூடும். நம் வீடுகளில் காய் என்றால் குழையக் குழைய வேகவேண்டும் என்று ஒரு சட்டம். தண்ணீர் ஊற்றி, மூடி வைத்து, மறந்துபோய், சீரியல் விளம்பரம் வரும்போது ஞாபகம் வந்து இறக்குகிற கோஸை எந்தக் குழந்தைதான் தின்னும்? வண்டியில் கோஸ் மொறுமொறுவென்று இருக்கிறது. இரண்டாவது காரணம், சூடு. நம் பொரியல் காலை ஏழு மணிக்குச் செய்து, டப்பாவில் அடைத்து, மதியம் ஒரு மணிக்குத் திறக்கப்படுகிறது. மூன்றாவது காரணம்தான் முக்கியம்: அங்கே யாரும் 'தின்னு, தின்னு' என்று மிரட்டுவதில்லை. அவனே கேட்டு வாங்குகிறான். பக்கத்தில் நாலு சிநேகிதர்கள் அதையே ரசித்துத் தின்கிறார்கள்.

இதற்கு வீட்டிலேயே நேர்மையான ஒரு பதில் கொங்கு நாட்டில் ரொம்ப காலமாக இருக்கிறது. கடைசல்! கத்திரிக்காயோ சுரைக்காயோ கீரையோ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, பூண்டு, சீரகத்தோடு வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்து எடுப்பது. மழை பெய்தால் காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரையெல்லாம் இப்படித்தான் சோற்றுக்கும் களிக்கும் கூட்டாளி ஆயின. சதசதவென்ற துண்டு, நார், தோல் எதுவும் நாக்கில் தட்டாது. காய் ஆகாத பிள்ளைகளில் பலருக்கு ருசியைவிட இந்தத் தொடு உணர்ச்சிதான் பிரச்னை. கடைசல் அதைத் தீர்த்துவிடுகிறது. ஆனால் ஏமாற்றுவதில்லை. 'இது என்ன?' என்று கேட்டால் 'கத்திரிக்காய்க் கடைசல்' என்றுதான் பதில். பெயரிலேயே காய் இருக்கிறது. லபைனும் ஜெசிகாவும் சண்டை போட்ட விஷயத்தை, பொய் சொல்லாமல் நம் ஆத்தாக்கள் செய்து முடித்துவிட்டார்கள்.

இன்றைக்கு 'கொங்கு ஸ்பெஷல்' என்று போர்டு மாட்டுகிற ஓட்டல்களில் பள்ளிபாளையம் சிக்கன் இருக்கும். பல இடங்களில் கடைசலைக் காணோம். வீட்டிலும் அவசரத்துக்கு அரிசியும் பருப்பும் சாதம்தான். அருமையான சாப்பாடு, ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் காய் சின்ன வெங்காயமும் தக்காளியும்தான். தொட்டுக்க அப்பளம், தயிர். நெய் ஊற்றிச் சாப்பிட்டால் சொர்க்கம், காய்க்குத்தான் அங்கே இடமில்லை.

கணக்கு ஒன்று பார்ப்போமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற பெரியவருக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி சொல்லியிருக்கிறார்கள். பழம் தனி. நாலு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். நாம் கால் கிலோ பீன்ஸ் வாங்கி நாலு பேருக்குப் பொரியல் செய்கிறோம். தலைக்கு 62 கிராம்! சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைக்காயைச் சேர்த்தாலும் பாதி தூரம் வரவில்லை. குழந்தை காய் தின்பதில்லை என்று புகார் சொல்கிற வீட்டில், பெரியவர்களும் தின்பதில்லை என்பதுதான் நிஜம்.

இத்தனைக்கும் நாம் இருப்பது எங்கே? தொண்டாமுத்தூர்ப் பக்கம் திரும்பினால் காய்கறித் தோட்டம். கிணத்துக்கடவில் தக்காளி மார்க்கெட். காரமடை வட்டாரத்தில் கறிவேப்பிலை. மூலனூரில் முருங்கை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரியிலிருந்து இறங்கும் கேரட்டும் உருளையும். ஊருக்கு நடுவிலேயே வேளாண் பல்கலைக்கழகம். கோயமுத்தூரின் முதல் எழுத்தை வைத்து கோ-1, கோ-2 என்று கீரைக்கும் புடலைக்கும் ரகம் கண்டுபிடித்துக் கொடுத்த இடம். அந்த ஊரில் பிள்ளைக்குக் காயை ஒளித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

பிள்ளைகள் மேலும் முழுப் பழி போட முடியாது. இரண்டிலிருந்து ஆறு வயது வரை, தெரியாத உணவைக் கண்டு ஒதுங்குவது இயற்கை. காட்டில் கண்டதைத் தின்று சாகாமல் இருக்க நமக்குக் கிடைத்த பாதுகாப்பு என்கிறார்கள். கசப்பும் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் பரிசோதனைச் சாலையில் ஒரு தூள் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் 'கசக்கிறது' என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இதற்குப் பின்னால் இருக்கும் மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். கோஸ், காலிஃபிளவர் வகைகளின் லேசான கசப்பு சிலருக்குத் தூக்கலாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, 'என்ன கசக்குது? நடிக்காதே!' என்று அதட்டுவதற்கு முன், அந்த நாக்கு உங்கள் நாக்கு இல்லை என்பதை ஞாபகம் வையுங்கள்.

அதட்டினால் என்ன ஆகும்? 2002-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சின்ன வயதில் கட்டாயப்படுத்தி ஊட்டப்பட்ட உணவை, பெரும்பாலோர் வளர்ந்த பிறகும் தொட விரும்பவில்லை. முட்டி போட வைத்துப் பாகற்காய் ஊட்டினால், ஜென்மத்துக்கும் பாகற்காய்க்கு எதிரி ஒருவரை உருவாக்குகிறோம் என்று அர்த்தம்.

பலன் தருவது வேறொன்று. சலிக்காமல், சண்டை போடாமல், திரும்பத் திரும்ப வைப்பது. எட்டு, பத்து, சிலசமயம் பதினைந்து தடவை ருசி பார்த்த பிறகுதான் ஒரு காய் பிள்ளைக்குச் சிநேகமாகிறது. நாம் மூன்றாம் தடவையே 'இவனுக்கு வெண்டைக்காய் ஆகாது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நம் பாட்டிமார் 'ஒரே ஒரு வாய் தின்னு பாரு சாமி, புடிக்கலைன்னா விட்று' என்பார்களே, அதில் பெரிய ஞானம் இருக்கிறது. ஒரு வாய்தான் கேட்கிறார்கள். 'விட்று' என்ற உரிமையும் கொடுக்கிறார்கள்.

இன்னொரு பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1980-ல் லீன் பர்ச் என்ற உளவியலாளர், ஒரு காயைப் பிடிக்காத குழந்தையை, அதைப் பிடித்த குழந்தைகளோடு மதியச் சாப்பாட்டில் உட்கார வைத்தார். நாலே நாளில் அந்தக் குழந்தையின் கை தானாக அந்தக் காய்க்குப் போனது. நம் சத்துணவுப் பந்தியின் பலம் இதுதான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போன காலை உணவுத் திட்டத்தில், உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் காய்கறி சாம்பார் வைத்தார்கள். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும்போது, ஒருவன் மட்டும் பூசணியைப் பொறுக்கி ஓரம் வைக்கக் கூச்சப்படுவான். தனியாக டி.வி. முன்னால் தட்டோடு உட்காருகிற பையனுக்கு அந்தக் கூச்சம் ஏது?

சரி, வீட்டில் பந்திக்கு எங்கே போவது? அங்கேதான் அப்பா வருகிறார். எல்லாக் குறிப்புகளும் அம்மாவுக்கே எழுதப்படுகின்றன. துருவு, அரை, பிசை, ஒளி. வேலைக்கும் போய், விடியற்காலையில் எழுந்து பீட்ரூட் அரைக்கிறவளுக்கே பழியும். அப்பா தன் தட்டின் ஓரத்தில் அவரைக்காயைக் குவித்து வைத்துவிட்டு, 'காய் தின்னாத்தான்டா பலம் வரும்' என்று உபதேசம் செய்வார். பிள்ளை காதால் கேட்பதில்லை, கண்ணால் பார்க்கிறான். இந்த ஒரு விஷயத்தில் வீட்டம்மாக்கள் தைரியமாகச் சொல்லலாம்: "ஏனுங்க, மொதல்ல நீங்க அந்த அவரைக்காயத் தின்னுங்க. அப்பறம் பையனச் சொல்லலாம்."

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலை. பசியோடு உட்காரும்போது சோற்றுக்கு முன்னால் காயை வையுங்கள். வெள்ளரி, கேரட்டாக இருந்தால் சமைக்கக்கூட வேண்டாம். கோஸை வண்டிக்காரர் மாதிரி இரும்புச் சட்டியில், எண்ணெயை மட்டும் குறைத்து, அதிகத் தீயில் சீக்கிரம் வதக்கி இறக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் மத்தை எடுங்கள். உழவர் சந்தைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய், 'நீயே ஒண்ணு எடு கண்ணு' என்று சொல்லுங்கள். சாப்பிடும் வகைகளே விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி, எடையும் குறைகிற குழந்தை என்றால், அது அடம் இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள்.

காயை ஒளிக்கிறபோது பிள்ளைக்கு நாம் சொல்லாமல் சொல்வது ஒன்றுதான்: 'இது மோசமான பண்டம், அதனால்தான் மறைக்கிறேன்.' கத்திரிக்காயை அப்படி அவமானப்படுத்த வேண்டாமே. கடைந்து, பெயர் சொல்லி, நாமும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவோம்.