பட்டினப்பாலையும் நிலத்தின் திரிபும்

சங்க நூல்களை இயற்கைச் சூழல் நோக்கில் ஆராயும் முயற்சி அண்மைக்காலத்தில் பெருகியுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவ்வாராய்ச்சியில் ஒன்றற்கொன்று முரணான இரு முடிபுகள் தலைகாட்டுகின்றன. பழந்தமிழர் இயற்கையைச் சிறிதும் சிதைக்காது வாழ்ந்தனர் என்பது ஒன்று. கரிகாலன் காடழித்து நாடாக்கியதைப் புகழ்ந்தமையால், கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டழிவிற்கு உடன்பட்டவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பாட்டை முழுமையாக நோக்காமையால் எழுந்தவை என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

301 அடிகளால் இயன்ற பட்டினப்பாலையில், நிலம் மன்னன் செயலால் இருமுறை மாறக் காண்கிறோம். முதலில் மாறுவது பகைவரது மருதம். உழவர் நீங்கிய வயலும் வாவியும் வேறுபாடு தெரியாதபடி கலந்து நீரற்றுப் போகின்றன. அறுகும் கோரையும் ஓங்குகின்றன. மான்கள் துள்ளித் திரிகின்றன. விளக்கேற்றி வழிபட்ட பொதுமன்றில் யானைகள் தங்குகின்றன. அடுத்து மாறுவது சோழனது காடு. அது நாடாகின்றது, குளங்கள் தோண்டப்பெறுகின்றன, வளம் பெருகுகின்றது. நாட்டைக் காடாக்கியதும் காட்டை நாடாக்கியதும் ஒரே மன்னனது ஆற்றல். முன்னதை விட்டுப் பின்னதை மட்டும் எடுத்து, புகழென்றோ பழியென்றோ கூறுதல் பொருந்தாது. காட்டின்மேலும் ‘கொல்’ என்னும் வினையையே புலவர் ஆள்கிறார். அச்சொல் ஒன்றைக்கொண்டு அவர் இரங்கினார் என்றல் மிகையாம். ஆயினும், காடழிதல் ஓர் அழிவே என்பதை அவர் மறைக்கவில்லை என்று கொள்ளுதல் தகும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் முதலியன கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுக்கின்றது. அவ்வகுப்பின் உட்பொருள் பட்டினப்பாலையில் விளங்குகின்றது. நீர் நீங்கியவுடன் புல் மாறுகின்றது, புல் மாறவே விலங்கு மாறுகின்றது, வழிபாடும் ஒழிகின்றது. ஒன்று பெயரின் மற்றவையும் பெயரும் என்பதை இலக்கணம் விதியாகக் கூறவில்லை. பாட்டோ அதனைக் காட்சியாக வைக்கின்றது.

இதனோடு சிலப்பதிகாரத்தை ஒப்பிடல் வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாவதைக் காடுகாண் காதையில் மறையோன் கோவலனுக்கு உரைக்கின்றான். ஆங்குத் திரிபிற்குக் காரணம் ஞாயிறும் வேனிலும். அரசனும் அவன் தொழிலாளரும் நெறிதவற, முறையிழந்த நாடு உவமையாகவே வருகின்றது. எனவே, இளங்கோவடிகள் மனிதரால் விளையும் வறட்சியை முன்னறிந்து பாடினார் என்பார் கூற்று, உவமையைப் பொருளாக மயங்கியதன் விளைவாகும்.

உருத்திரங்கண்ணனாரும் மனிதன் கைக்கு ஓர் எல்லை வைத்தே பாடினார். வெள்ளி திசைமாறினும், மழை பொய்ப்பினும், குடகுமலையில் தோன்றும் காவிரி பொய்யாது என்பதே பாட்டின் தொடக்கம். மன்னன் நிலத்தை மாற்றலாம். மலைதரும் நீரும் வானும் அவன் கைக்கு எட்டாதவை. அந்நாளில் அந்நம்பிக்கைக்கு இடமிருந்தது.

இன்று அவ்வெல்லை அழிந்துவிட்டது. 1934இல் மேட்டூர் அணை முற்றுப்பெற்றது. பாசனம் பெருகியது உண்மை. ஆனால் ஆறு சுமந்து வந்த வண்டலில் ஒரு பகுதி அணைக்குள்ளேயே படிகின்றது. வண்டல் குறைந்த கழிமுகம் கடல் அரிப்பைத் தாங்கும் வலிமை குன்றும். மலையடியில் செய்த செயல் கடற்கரையில் பயன் காட்டுகின்றது. வானமும் இதற்கு விலக்கன்று. காற்றில் கரியமிலவாயுவின் அளவு 18ஆம் நூற்றாண்டின் இடையில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 420ஐக் கடந்துள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததும் காடழித்ததும் இதற்குத் தலையாய காரணங்கள். இம்மிகையில் ஒரு பகுதியைக் கடல் ஏற்று அமிலத்தன்மை மிகுகின்றது. மற்றொரு பகுதி காற்றில் தங்கி வெப்பத்தை மிகுக்கின்றது. சிலப்பதிகாரத்தில் உவமையாக நின்ற மனிதத் தவறு, இன்று வெப்பத்திற்கே காரணமாயிற்று.

பழம்புலவர் குற்றவாளியும் அல்லர், வருவதுரைத்தவரும் அல்லர். தம் காலத்தில் மனிதன் கை எட்டிய எல்லையை உள்ளவாறு பாடியவர். திணைக்கோட்பாட்டை இன்றைய சூழலியலின் மறுபெயராகக் கொள்வோர், இவ்வேறுபாட்டை இழந்துவிடுகின்றனர். அதனை இழப்பின், பாட்டின் உண்மையும் புலப்படாது. நம் காலத்து மாற்றத்தின் பெருமளவும் புலப்படாது. இத்துறையில் ஆராய முற்படும் மாணவர் முதலில் வினவ வேண்டியது, இயற்கையைப் புலவர் போற்றினாரா என்பதன்று. மாற்றத்திற்கு எதனைக் காரணமாக வைத்தார், எதனை மாறாததாகக் கொண்டார் என்பதே.