எழுதியதை வாசித்தவர்கள்

இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்தது. அதற்குப் பிறகு ரசிகர்களிடையே ஒரு பேச்சு சூடுபிடித்திருக்கிறது: ராஜா எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறவர், யார் வாசித்தாலும் இசை அதேதான், வடபழனி வாத்தியக்காரர்கள் எழுதியதை வாசித்தார்கள், அவ்வளவுதானே? இதை ஒப்புக்கொண்டால் தமிழ்த் திரையிசை வரலாற்றில் பாதியைக் கைகழுவ வேண்டியதுதான்.

ஆரம்ப காலத்தை வாசகர்கள் அறிவார்கள். பக்கவாத்தியத்தில் தொடங்கிய திரையிசைக்குள் நொட்டேஷன் படித்தவர்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். மங்களமூர்த்தியின் அக்கார்டியனும் நோயல் கிராண்டின் டிரம்ஸும் பிலிப்ஸின் கிட்டாரும் இல்லாத எம்.எஸ்.வி.யை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

என் மனம் தங்குவது 1976க்குப் பிந்தைய பத்தாண்டில். தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, ஜி.கே. வெங்கடேஷுக்குக் கிட்டார் வாசித்த ராஜா, தன்னைப் போன்ற வாத்தியக்காரர்களையே சுற்றி வைத்துக்கொண்டார். கிட்டாருக்கு சதானந்தமும் சந்திரசேகரும், டிரம்ஸுக்கு சந்திரசேகரின் சகோதரர் புருஷோத்தமன், பேஸ் கிட்டாருக்கு சசிதரன், கீபோர்டுக்கு விஜி மேனுவல், புல்லாங்குழலுக்கு நெப்போலியன், வயலினுக்கு வி.எஸ். நரசிம்மன். காலைக் கால்ஷீட்டில் தாள் கைக்கு வரும். சிறிது நேர ஒத்திகை, பிறகு எல்லோரும் சேர்ந்து டேக். ஒருவர் சறுக்கினாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்த துல்லியம் தாளில் இருந்ததல்ல.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரசேகரின் கிட்டாரில் தொடங்குகிற பாட்டு. எங்கள் குருசுக்குப்பத்துத் திருவிழாக் கச்சேரிகளில் ட்ரூப் கிட்டார்காரருக்கு அதுதான் பரீட்சை. சுரங்களை எல்லோரும் பிடித்துவிடுவார்கள். ஒரு கம்பியின் ஒலி அடங்கும் முன்னே அடுத்ததைத் தொடுகிற அந்த மிருதுதான் வராது. கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டு, விரல் தேயப் பழகியவர்களுக்கும் முழுதாக வந்ததில்லை. சுரம் ராஜாவுடையது, தொடுகை சந்திரசேகருடையது. இரண்டாவதற்கு எந்த நொட்டேஷனும் கிடையாது.

பிறகு சீக்வென்சர் வந்தது, ஆளுக்கொரு ட்ராக் என்றாயிற்று, கூடி வாசிப்பது குறைந்தது. இந்தக் காலத்தை நான் நேசிக்கவில்லை. ஆனாலும் ஒரு நன்மையை மறைக்க மாட்டேன்: ஏ.ஆர். ரஹ்மானின் கேசட் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாயின. அமெரிக்காவின் மோடவுன் நிறுவனமே 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை அதைச் செய்யவில்லை. பெயர் வெறும் கௌரவப் பிரச்சினையும் அல்ல. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவர்களுக்கு ராயல்டி உரிமை தந்தது. ஆனால் ஒரு திரைப்படத்தில் போகிறபோக்கில் பங்கேற்று, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் வராத ஒருவரை அந்தச் சட்டம் பெரும்பாலான உரிமைகளுக்கு வெளியே நிறுத்துகிறது. பெயரில்லாத வாத்தியக்காரரை அந்த வரிக்குள் தள்ளிவிடுவது மிகச் சுலபம்.

இப்போது பரிகாரமாகச் சொல்லப்படுவது மறுசந்திப்பு. மூத்த வாத்தியக்காரர்களைக் கூட்டி, நட்சத்திர விருந்தினர்களைச் சேர்த்து, ஒரு பதிவோ கச்சேரியோ செய்வது. இதன் பெரிய உதாரணம் எல்விஸ் பிரெஸ்லியின் ஆட்கள். 1954 ஜூலையில் மெம்பிஸ் சன் ஸ்டூடியோவில் எல்விஸின் முதல் வெற்றிப் பாடலுக்குக் கிட்டார் வாசித்த ஸ்காட்டி மூர், கூலி போதாமல் 1957இல் வெளியேறியவர். நாற்பது ஆண்டு கழித்து டிரம்மர் டி.ஜே. ஃபொன்டானாவோடு 'ஆல் தி கிங்ஸ் மென்' (1997) பதிவு செய்தார். கீத் ரிச்சர்ட்ஸ், ஜெஃப் பெக், ரான் வுட் எல்லோரும் அன்போடு வந்தார்கள். கேட்டுப்பாருங்கள்: பாட்டுக்குப் பாட்டு ஒரு விருந்தினர் முன்னே நிற்கிறார், ஸ்காட்டி தன் வீட்டிலேயே ஒதுங்கி நிற்கிறார். மோடவுனின் ஸ்டூடியோ வாத்தியக் குழுவான ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய 2002ஆம் ஆண்டுப் படத்திலும் முன்வரிசை, வந்த பாடகர்களுக்கே. நம் ஊர் 'கோல்டன் ஹிட்ஸ்' மேடைகளும் இதே தவறைத்தான் செய்கின்றன. பாடகருக்கு ஒளிவட்டம், வாசித்தவருக்கு மேடையின் இருட்டு மூலை.

சரியான வழியை ராஜாவே முன்பு காட்டியிருக்கிறார். 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் நரசிம்மனின் வயலின்தான் கதாநாயகன். ஸ்டூடியோவில் தினமும் கூட்டத்தோடு வாசித்தவருக்கு ஒரு முழுத் தொகுப்பின் முகப்பு கிடைத்தது. பின்னாளில் அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் அமைத்து, கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதினார். மறுசந்திப்பு என்றால் எனக்கு இதுதான். பழைய பாட்டின் நகல் வேண்டாம், புதிய வேலை வேண்டும்.

எனவே என் கோரிக்கை. பாடகர் இல்லாத ஒரு பதிவு. மூத்தவர்கள் ஒரே அறையில், ஒரே டேக்கில் வாசிக்கட்டும். விருந்தினராக இளையவர்கள் வந்து, மூத்தவர்கள் சொல்கிற இடத்தில் வாசிக்கட்டும். ஒவ்வொரு பெயரும் வாத்தியத்தோடு உறையில் வரட்டும், ராயல்டி ஒப்பந்தம் வாசிப்பதற்கு முன்பே கையெழுத்தாகட்டும். புருஷோத்தமன் 2020இல் காலமானார். இதற்கான ஸ்டூடியோவை இந்த ஆண்டே பிடிக்க வேண்டும்.